தேன்கனிக்கோட்டை, தளி பக்கம் குடிவர நினைக்கிறவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

பெங்களூரிலும் சென்னையிலும் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் பல, ஓசூருக்கு அப்பால் தேன்கனிக்கோட்டை, தளி, அஞ்செட்டி பக்கம் குடிவரலாமா என்று இப்போது விசாரிக்கின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, காலைப் பனியில் ராகிக் கொல்லைகளையும் பின்னால் நிற்கும் மலையையும் பார்த்தவர்களுக்கு அந்த ஆசை வருவது இயல்புதான். ஆனால் போன கையோடு நிலம் தேட ஆரம்பித்துவிடுகிறார்கள். அங்கேதான் எனக்குக் கவலை. இந்த மண்ணில் பிறந்து வளர்ந்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: இங்கே நிலமும் வீடும் கடைசியில் முடிவு செய்ய வேண்டியவை. முதலில் தண்ணீர். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போகும் வழி. அப்புறம் யானை போகும் வழி. இந்த மூன்றும் சரியாக அமைந்த இடத்தில் சின்ன வீடு கிடைத்தாலும் நிம்மதியாக இருக்கலாம். மூன்றில் ஒன்று தவறினாலும், பார்த்துப் பார்த்துக் கட்டிய வீடு பூட்டியே கிடக்கும். அப்படிப் பூட்டிக் கிடக்கும் வீடுகள் எங்கள் பக்கம் இருக்கின்றன. அந்த எண்ணிக்கை கூடக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

எந்த ஊர்?

"ஓசூர் பக்கம் மலை" என்று பொதுவாகச் சொன்னாலும், ஒவ்வோர் ஊருக்கும் வாழ்க்கை வேறு. முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். இது ஊட்டி, கொடைக்கானல் போன்ற உயர்ந்த மலை அல்ல. கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் மேட்டுநிலம். அதன் தெற்கிலும் மேற்கிலும் மேலகிரி மலைத்தொடரும் காடும். மார்கழியில் விடியற்காலைக் குளிர் எலும்பைத் தொடும். சித்திரையில் மதிய வெயில் சுடவே சுடும், ராத்திரி மட்டும் இறங்கிவிடும்.

ஓசூரை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். 2019-இல் மாநகராட்சி ஆகிவிட்ட தொழில் நகரம் அது. ஆலைகளும் பெங்களூர்ப் போக்குவரத்தும் சேர்ந்து, நீங்கள் விட்டுவர நினைக்கும் நெரிசலை அங்கேயும் கொண்டுவந்துவிட்டன. அங்கிருந்து 25 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது தேன்கனிக்கோட்டை. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு தாலுகா தலைநகர், பேரூராட்சி. பேட்டராய சுவாமி கோயிலைச் சுற்றிய பழைய ஊர். தாலுகா ஆபீஸ், அரசு மருத்துவமனை, கடைத்தெரு எல்லாம் நடந்து போகும் தூரத்தில் இருக்கின்றன. முதல் முறையாக நகரத்தை விட்டு வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த ஊரைத்தான்.

தளி இன்னும் கொஞ்சம் குளிர். வெள்ளைக்காரர்கள் ‘குட்டி இங்கிலாந்து’ என்று அழைத்த இடம். ரோஜாப் பசுமைக்குடில்களும் காய்கறித் தோட்டங்களும் நிறைந்தது, ஆனேக்கல் வழியாகப் பெங்களூருக்குப் போக வழியும் உண்டு. ஒரே ஒரு எச்சரிக்கை: பசுமைக்குடிலை ஒட்டிய வீட்டை எடுக்காதீர்கள். பூவுக்கு மருந்து அடிப்பது ஓயாத வேலை. ஆஸ்துமா, அலர்ஜி உள்ளவர்கள் வீட்டில் இருந்தால் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பதைக்கூடப் பார்க்க வேண்டும்.

கெலமங்கலம் பக்கம் டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலை வந்த பிறகு வாடகை வீட்டுக்குப் போட்டி அதிகம். அஞ்செட்டி அழகான ஊர், ஆனால் தேன்கனிக்கோட்டையிலிருந்து காட்டு வழியாக, மலைப்பாதையில் இறங்கிப் போக வேண்டும். ராத்திரியில் அந்தப் பாதை யானைகளுடையது. பெட்டமுகிலாளம், உரிகம் பக்கத்து மலைக் கிராமங்களுக்கும், தர்மபுரி மாவட்டத்தின் வத்தல்மலை, சித்தேரி மலைக்கும் போய் வாருங்கள், தேனும் சாமையும் அங்குள்ளவர்களிடமே வாங்குங்கள். குடிபோக முதல் இடமாக அவற்றைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

ஒரு வருஷம் வாடகைக்கு இருங்கள், பங்குனியில் வாருங்கள்

எல்லோரும் டிசம்பரில் வந்து பார்க்கிறார்கள். ஏரியில் தண்ணீர், கொல்லையில் அவரைக்காய், வானத்தில் பனி. ஊர் தன் நல்ல முகத்தைக் காட்டும் மாதம் அது. நான் சொல்வது, மார்ச் கடைசியில், பங்குனியில் வாடகைக்கு வாருங்கள். போர்வெல் இறங்கும் மாதம், லாரித் தண்ணீர் ஓடும் மாதம். அந்த மூன்று மாதம் இருந்து பார்த்துவிட்டால் இந்த ஊரின் கஷ்டத்தில் பாதி தெரிந்துவிடும். அப்புறம் கோடை மழை, ஆடிக்காற்று, புரட்டாசி ஐப்பசி மழை, ராகி அறுவடை, யானை வரத்து என்று ஒரு சுற்று முடியட்டும். அதற்குள் எந்தத் தெருவில் தண்ணீர் வரும், எந்தச் சாலை மழையில் அறுந்துபோகும், யார் நம்பிக்கையான மேஸ்திரி என்பதெல்லாம் தானாகத் தெரிந்துவிடும்.

வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் போடுங்கள். தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் 2017-இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது. குடியிருப்பு வீட்டுக்கு வேறு விதமாக ஒப்புக்கொள்ளாத வரை 3 மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது என்கிறது அது. பெங்களூரில் 10 மாத அட்வான்ஸ் கொடுத்துப் பழகியவர்கள் இங்கேயும் கேட்டதைக் கொடுத்துவிடுகிறார்கள். அப்படிக் கொடுத்தால் அடுத்து வருகிறவருக்கும், ஊர்க்காரருக்கும் அதே தொகைதான் சொல்லப்படும்.

தண்ணீர்

இந்த ஒரு விஷயத்துக்கு நீங்கள் எவ்வளவு நேரம் செலவழித்தாலும் தகும்.

கிருஷ்ணகிரி, தர்மபுரி இரண்டு மாவட்டமும் பாறை பூமி. மண்ணுக்குக் கீழே கருங்கல். மழைநீர் அந்தப் பாறையின் வெடிப்புகளில்தான் தங்கும். அதனால்தான் ஒரு கொல்லையில் தண்ணீர் பீறிட்டு வரும், வரப்புக்கு அந்தப் பக்கம் 1,000 அடி போட்டாலும் புழுதிதான் கிளம்பும். பக்கத்துத் தோட்டத்தில் தண்ணீர் இருக்கிறது என்று தரகர் காட்டுவது உங்கள் நிலத்துக்கு எந்த உத்தரவாதமும் இல்லை. ‘இரண்டு இஞ்ச் தண்ணீர்’ என்று சொன்னால், எந்த மாதத்தில் அளந்தது என்று கேளுங்கள். மே மாதத்தில் மோட்டாரை 2 மணி நேரம் தொடர்ந்து ஓடவிட்டு, தண்ணீர் அறுபடாமல் வருகிறதா என்று நேரில் நின்று பாருங்கள்.

அளவைவிட முக்கியமானது தரம். இரண்டு மாவட்டத்து நிலத்தடி நீரிலும் ஃபுளோரைடு அதிகம். பாறையிலிருந்தே அது கரைந்து வருகிறது. பாறை ஆழத்தில் நெடுநாள் தங்கிய நீரில் இன்னும் கூடுதலாகச் சேரும். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியே இல்லாவிட்டால் 1.5 வரை என்பது இந்தியத் தரநிலை. அதைத் தாண்டிய நீரை வருஷக்கணக்கில் குடித்தால் குழந்தைகளின் பல்லில் பழுப்புக் கறை விழும், பெரியவர்களுக்கு எலும்பும் மூட்டும் இறுகும். பென்னாகரம், பாலக்கோடு பக்கத்துக் கிராமங்களில் இந்தக் கறைப் பல்லோடு வளர்ந்த தலைமுறைகளே உண்டு. இதற்காகத்தான் ஜப்பானியக் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கட்டப்பட்டு, 2013-இல் இயக்கத்துக்கு வந்தது. அதன் முழுப் பெயரிலேயே ‘ஃபுளோரோசிஸ் பாதிப்புக் குறைப்பு’ என்று இருக்கிறது. காவிரித் தண்ணீர் மலையேறி வருகிறது என்றால் அதன் அருமையைப் புரிந்துகொள்ளுங்கள்.

ஆக, வீடு பார்க்கப் போகும்போது முதல் கேள்வி, "ஒகேனக்கல் தண்ணீர் இந்தத் தெருவுக்கு வருகிறதா, எத்தனை நாளுக்கு ஒருமுறை?" வீட்டுக்காரரிடம் மட்டும் கேட்காதீர்கள். எதிர்வீட்டு அக்காவிடம் கேளுங்கள், குடம் தூக்குகிறவருக்குத்தான் உண்மைக் கணக்கு தெரியும். குழாய்த் தண்ணீர் வரும் வீடானால் அதைக் குடிக்கவும் சமைக்கவும் தனியாகப் பிடித்து வையுங்கள், போர்வெல் நீரைத் துணி துவைக்க, செடிக்கு என்று பிரித்துவிடுங்கள்.

போர்வெல்லை மட்டுமே நம்ப வேண்டிய இடமானால், சுத்தமான பாட்டிலில் பிடித்து, மாவட்டத் தலைநகரில் உள்ள குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வுக்கூடத்தில் கொடுங்கள். ஃபுளோரைடு, மொத்தக் கரைதிடப்பொருள், கடினத்தன்மை, நைட்ரேட், கிருமி இந்த ஐந்தையும் கேட்டு வாங்குங்கள். ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் அடர்த்தி கூடத்தான் செய்யும். சாதாரண ஃபில்டர், யுவி கருவி இவற்றாலும் பயனில்லை. ஆர்.ஓ. போட்டால் குறையும். ஆனால் அதில் வீணாகும் நீரை வாளியில் பிடித்துத் தரை கழுவ எடுத்துக்கொள்ளுங்கள். இந்த ஊரில் தண்ணீரைச் சாக்கடையில் விடுவதை அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும், அது நியாயமும்கூட.

சொந்த வீடு என்றால் கூரை நீர்த் தொட்டி கட்டாமல் இருக்காதீர்கள். தென்மேற்குப் பருவத்தின் பின்பாதியும் வடகிழக்குப் பருவத்தின் முன்பாதியும் எங்களுக்கு மழை தரும், மே மாதத்து இடிமழையும் உண்டு. 1,000 சதுர அடிக் கூரையில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய 900 லிட்டர். முதல் மழையை வெளியே விட்டுவிட்டு, மீதியை வடிகட்டித் தொட்டியில் சேர்த்தால் ஃபுளோரைடே இல்லாத தண்ணீர் உங்கள் கையில்.

ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு நேரம்?

கிலோமீட்டரில் கேட்காதீர்கள், நிமிடத்தில் கேளுங்கள், அதுவும் ராத்திரி 2 மணிக்கு.

தேன்கனிக்கோட்டை அரசு மருத்துவமனையில் அவசர முதலுதவி கிடைக்கும். அடுத்த கட்டத்துக்கு ஓசூர். பெரிய சிகிச்சைக்கு கிருஷ்ணகிரி, தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரிகள், இல்லையென்றால் பெங்களூர். பொம்மசந்திராவின் பெரிய மருத்துவமனைகள், மூளை நரம்பு சிகிச்சைக்கான நிமான்ஸ் எல்லாம் ஓசூர் சாலையிலேயே இருப்பதால் இங்கிருந்து பலரும் அங்கே போகிறார்கள். ஆனால் எல்லை தாண்டினால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை செல்லுமா என்பதை அந்த மருத்துவமனையிலேயே முன்கூட்டிக் கேட்டு வையுங்கள். மாத மாத்திரை சாப்பிடும் பெரியவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: வீடு தேடி வந்து சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்த்து மாத்திரை தரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதே எங்கள் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். குடிவந்த முதல் வாரமே ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைக் கொடுத்துவிடுங்கள்.

இதய நோய் உள்ளவர்கள், டயாலிசிஸ் செய்கிறவர்கள், கர்ப்பிணிகள் இருக்கும் குடும்பம் தேன்கனிக்கோட்டை ஊருக்குள்ளேயோ ஓசூர் சாலையிலோ இருக்கட்டும். மலைக்குள் போக வேண்டாம். இதில் எனக்கு இரண்டு கருத்து கிடையாது.

பாம்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கும் இந்தப் பூமியில் உண்டு. கடித்தால் இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து, 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்கு நேராகப் போங்கள். விஷமுறிவு மருந்து அங்கே இருக்கும். கட்டுவிரியன் தூக்கத்தில் கடித்தால் வலியே தெரியாமல் போகலாம். விடிகாலையில் காரணமில்லாமல் வயிற்றுவலியோ கண் இமை சரிவதோ வந்தாலும் காத்திருக்கக் கூடாது. தரையில் படுக்காமல் கட்டிலில் கொசுவலை கட்டிப் படுப்பதும், ராத்திரி டார்ச் இல்லாமல் வெளியே கால் வைக்காததும் இங்கே பழக்கமாக வேண்டும்.

யானை போகும் வழி

பன்னேர்கட்டாவிலிருந்து ஜவளகிரி, தளி, தேன்கனிக்கோட்டை, நொகனூர், ஊடேதுர்கம், சானமாவு காடுகள் வழியாக யானைகள் தலைமுறை தலைமுறையாக நடக்கின்றன. மழைக்காலம் முடிந்து ராகி கதிர் விடும்போது, அக்டோபர் தொடங்கி தை, மாசி வரை, கூட்டம் கூட்டமாக வரும். 2014-இல் காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயமும் 2022-இல் காவிரி தெற்குச் சரணாலயமும் அறிவிக்கப்பட்டன. காட்டுக்குப் பாதுகாப்பு வந்தது, ஆனால் காட்டு விளிம்பில் வீடுகளும் வேலிகளும் கூடிக்கொண்டே போகின்றன. யானைக்கு வழி குறுகக் குறுக, அது ராகி விதைத்தவன் கொல்லைக்குள்தான் இறங்குகிறது. ஆறு மாதப் பாடு ஒரே ராத்திரியில் மிதிபட்டுப் போகும். பரணில் காவல் இருந்து, விடியற்காலையில் வீடு திரும்பும்போது யானை மிதித்து உயிர் விட்டவர்கள் எங்கள் கிராமங்களில் உண்டு.

அதனால்தான் ‘ஃபாரஸ்ட் வியூ’ என்று விளம்பரம் செய்யும் மனைகளைக் கண்டால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. காப்புக்காட்டு எல்லையை ஒட்டி நிலம் வாங்காதீர்கள். உங்கள் பாதுகாப்புக்காக மட்டும் இல்லை. நீங்கள் அங்கே சுவர் எழுப்பினால், அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்த கூட்டம் பக்கத்து ஏழை விவசாயியின் கொல்லைக்குத் திரும்பும். நிலம் பார்க்கும்போது சாயங்காலம் ஊருக்குள் உட்கார்ந்து பெரியவர்களிடம் கேளுங்கள்: "இந்தப் பக்கம் யானை இறங்குமா? எந்த ஓடை வழியாக வரும்?" மறைக்க மாட்டார்கள்.

குடிவந்த பிறகு கடைப்பிடிக்க வேண்டியவை:

- உள்ளூர் வனத்துறையின் எச்சரிக்கை எந்த வாட்ஸ்ஆப் குழுவில் வருகிறது என்று கேட்டுச் சேர்ந்துகொள்ளுங்கள். யானை எந்தக் காட்டில் நிற்கிறது என்று செய்தி வந்தால் அன்று அந்தச் சாலை வேண்டாம்.
- அறுவடைக் காலத்தில் விடியலுக்கு முன்னும் இருட்டிய பின்னும் நடைப்பயிற்சி, பைக் சவாரி இரண்டையும் நிறுத்துங்கள். கூட்டத்தைவிட ஒற்றை யானை ஆபத்து.
- சாலையில் யானையைக் கண்டால் தூரத்திலேயே நிறுத்துங்கள். ஹாரன் அடிக்காதீர்கள், விளக்கைப் பாய்ச்சாதீர்கள், போனை எடுத்துக்கொண்டு இறங்காதீர்கள்.
- வீட்டை ஒட்டி வாழை, பலா, கரும்பு வைக்காதீர்கள். ராகி, அரிசி மூட்டையைச் சன்னலோரம் அடுக்காதீர்கள்.
- நாயை ராத்திரி வெளியே கட்டாதீர்கள். சிறுத்தையும் உண்டு.

வேலியில் நேரடி மின்சாரம் விடுவது குற்றம் மட்டும் இல்லை, கொலை. 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி அருகே அப்படி ஒரு வேலியில் மூன்று யானைகள் செத்து விழுந்தன, இரண்டு குட்டிகள் தாயின் உடலைச் சுற்றி நின்றன. பேட்டரியில் இயங்கி விட்டுவிட்டு அதிர்ச்சி தரும் சோலார் வேலி உயிரைப் பறிக்காது. ஆனால் காட்டை ஒட்டிய பகுதியில் அதற்கும் வனத்துறையின் அனுமதி வேண்டும், 2023-இல் இதற்கென விதிகளே வந்துவிட்டன.

வேலை, இணையம், கரண்டு

வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவர்கள், வீடு பார்க்கப் போகும்போதே மடிக்கணினியைக் கொண்டுபோங்கள். அங்கேயே உட்கார்ந்து ஒரு வீடியோ கால் பேசிப் பாருங்கள், மழை நாளில் என்றால் இன்னும் நல்லது. ஊருக்குள் ஃபைபர் இணைப்பு வாங்கலாம், தோட்டத்து வீட்டுக்கு கம்பம் எத்தனை வேண்டும் என்று கேட்டு முடிவு செய்யுங்கள். அதோடு வேறு ஒரு நிறுவனத்தின் சிம்மையும் வைத்துக்கொள்ளுங்கள். அஞ்செட்டி மலைப்பாதையில் சிக்னலை நம்ப முடியாது. காற்றுக் காலத்தில் மரக்கிளை விழுந்து கரண்டு போனால் திரும்ப நேரம் ஆகும், மாதாந்திரப் பராமரிப்புக்கு ஒரு பகல் முழுக்க நிறுத்துவார்கள். இன்வெர்ட்டர் கட்டாயம்.

வாரம் ஓரிரு நாள் பெங்களூர் போக வேண்டியவர்கள் அத்திப்பள்ளி எல்லையையும் எலக்ட்ரானிக் சிட்டியையும் காலை 8 மணிக்கு ஒருமுறை கடந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள். ஓசூரிலிருந்து பெங்களூர் 40 கிலோமீட்டர் என்பது வரைபடத்துக்குச் சரி. ரயில் வசதி ஓசூர், கெலமங்கலம், ராயக்கோட்டை வழியாகப் போகும் பெங்களூர் - சேலம் பாதையில் மட்டும்தான், மாவட்டத் தலைநகரான கிருஷ்ணகிரிக்கே ரயில் கிடையாது. கடைசிப் பஸ் எத்தனை மணிக்கு என்பதை ஓசூர்ப் பேருந்து நிலையத்தில் நடத்துநரிடமே கேளுங்கள்.

பிள்ளைகளின் பள்ளி

பெங்களூரிலிருந்து வருகிறவர்கள் தவறவிடும் விஷயம் ஒன்று. 2006-இன் தமிழ் கற்றல் சட்டப்படி இங்கே பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயப் பாடம். கன்னடமும் இந்தியும் படித்து, வீட்டில் தமிழ் பேச மட்டும் தெரிந்த பிள்ளை எட்டாம் வகுப்பில் வந்து சேர்ந்தால் தவித்துப்போகும். மூன்றாம் வகுப்புக்குள் வந்துவிட்டால் சிரமமில்லை, அதற்கு மேல் என்றால் குறைந்தது ஒரு வருஷம் முன்பே எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுங்கள். மாற்றுச் சான்றிதழோடு, பழைய பள்ளியின் மாணவர் பதிவு எண்ணையும் மறக்காமல் வாங்குங்கள். சிபிஎஸ்இ பள்ளிகள் பெரும்பாலும் ஓசூர் பக்கம்தான். தினமும் ஒரு மணி நேரம் வேனில் போவது சின்னப் பிள்ளைக்குப் பாரம். அரசுப் பள்ளியையும் போய்ப் பாருங்கள், பார்க்காமலே ஒதுக்காதீர்கள்.

ஒரு வருஷம் கழிந்தது, இனி நிலம்

இந்த ஒரு வருஷத்தில் உங்களுக்கு ஆட்களும் தெரிந்திருப்பார்கள், கண்ணும் பழகியிருக்கும். தமிழ்நாட்டில் விவசாயி அல்லாதவரும் விவசாய நிலம் வாங்கலாம், தடையில்லை. ஆனால் வாங்கியது வீடு கட்ட உதவுமா என்பது தனிக் கேள்வி.

இப்போது அதிகம் விற்கப்படுவது ‘ஃபார்ம் பிளாட்’. பல ஏக்கர் கொல்லையை 5 சென்ட், 10 சென்ட்டாகக் கூறுபோட்டு, கம்பி வேலியும் ஒரு வளைவும் வைத்து, பெங்களூர்க்காரர்களுக்குக் குண்டா கணக்கில் விலை சொல்கிறார்கள். (ஒரு குண்டா இரண்டரை சென்ட், 1,089 சதுர அடி. விலையை எப்போதும் சென்ட்டுக்கு மாற்றிப் பாருங்கள்.) பதிவுச் சட்டத்தின் 22-அ பிரிவின்படி, அனுமதி பெறாத மனைப்பிரிவில் உள்ள மனையைப் பதிவு செய்ய முடியாது. அதைத் தவிர்க்கத்தான் விவசாய நிலம் என்றே எழுதித் தருகிறார்கள். பத்திரம் கைக்கு வந்துவிடும். அப்புறம் உட்பிரிவுப் பட்டா, பாதை உரிமை, கட்டட அனுமதி என்று ஒவ்வொன்றாகச் சிக்கும். நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அனுமதி எண் இல்லாத மனையை, எவ்வளவு மலிவாக இருந்தாலும் தொடாதீர்கள்.

நல்ல நிலம் என்று பட்டால், பணம் எதுவும் கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை இவை. மூலப்பத்திரத்திலிருந்து இன்று வரை தொடர்ச்சியான பத்திரங்கள், குறைந்தது 30 வருஷ வில்லங்கச் சான்று, பட்டா, சிட்டா, அ-பதிவேடு (எந்தச் சர்வே எண் என்ன வகை நிலம் என்று சொல்லும் கிராமக் கணக்கு), புல வரைபடம். வில்லங்கத்தைப் பதிவுத்துறை இணையதளத்திலும் பட்டாவை வருவாய்த்துறை இணையதளத்திலும் நீங்களே எடுக்கலாம். தரகர் காட்டும் நகலில் நின்றுவிடாதீர்கள். அ-பதிவேட்டில் ஓடை, ஏரி, வண்டிப்பாதை, மேய்ச்சல் புறம்போக்கு என்று இருந்தால் அந்தச் சர்வே எண்ணை மறந்துவிடுங்கள். சர்வேயரை வைத்து அளந்து, நான்கு மூலைக் கல்லையும் பக்கத்து நிலத்துக்காரர் முன்னிலையில் காட்டச் சொல்லுங்கள். நிலத்துக்குப் போகும் பாதை புல வரைபடத்தில் இருக்கிறதா, அல்லது இன்னொருவர் கொல்லை வழியாக அவர் தயவில் போகிறதா என்பதையும் அன்றே பார்த்துவிடுங்கள்.

மூன்று வகை நிலத்தை வாங்கவே கூடாது. ஒடுக்கப்பட்ட மக்களுக்காக ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம், நிபந்தனையோடு ஏழைகளுக்கு அரசு ஒப்படைத்த நிலம், 2006 வன உரிமைச் சட்டத்தின் கீழ் மலைவாழ் மக்களுக்குக் கிடைத்த பட்டா. கடைசியது வாரிசுக்குப் போகுமே தவிர விற்க முடியாது. யாராவது ‘பவர்’ எழுதித் தருகிறேன் என்றால் அது சட்டப்படியும் நிற்காது, அவர்களுக்கு இருக்கும் ஒரே ஆதாரத்தையும் பறிப்பதாகும்.

அந்தக் கிராமம் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் பட்டியலில் இருக்கிறதா என்றும் கேளுங்கள். இருந்தால் மனைப்பிரிவுக்கும் கட்டடத்துக்கும் கூடுதல் அனுமதி தேவை. அனுமதி பெற்ற மனை என்றால் வேலை சுலபம். 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடிக்குள் தரைத்தளமும் ஒரு மாடியும் கட்ட, 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறையில் இணையத்திலேயே அனுமதி வாங்கலாம். செலவுக் கணக்கில் முத்திரைத்தாள் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வீடு எப்படி இருக்க வேண்டும்?

சுருக்கமாகச் சொல்கிறேன். கிழக்கு வெயில் சமையலறைக்கும் பெரியவர்கள் அறைக்கும் வர வேண்டும். குளிர் மாதங்களில் அதுதான் மருந்து. சோலார் ஹீட்டர் போடுங்கள், பனி மூடிய நாட்களுக்கு மின்சார ஏற்பாடும் இருக்கட்டும். கருங்கல் இங்கேயே கிடைக்கிறது, அஸ்திவாரத்துக்கும் வெளிச்சுவருக்கும் அதைவிட நல்லது இல்லை. கழிவுநீர்த் தொட்டி போர்வெல்லிலிருந்து குறைந்தது 50 அடி தள்ளி இருக்கட்டும். வீட்டைச் சுற்றிப் பத்தடிக்குப் புதர் இல்லாமல் வைத்தால் பாம்புப் பயம் பாதி குறையும்.

ஊரோடு சேர்வது

தேன்கனிக்கோட்டைக் கடைத்தெருவில் ஒரே ஆள் தமிழில் விலை சொல்லி, தெலுங்கில் பேரம் பேசி, கன்னடத்தில் விடைகொடுப்பார். மூன்று மொழியும் கலந்த ஊர் இது. தமிழ் மட்டும் தெரிந்தால் போதும், ஆனால் தோட்டத்தில் வேலைக்கு வரும் பெரியவரிடம் அவர் மொழியில் ‘சாப்பிட்டீர்களா’ என்று கேட்கக் கற்றுக்கொள்ளுங்கள். வயதில் மூத்தவர்களைப் பெயர் சொல்லி அழைக்காதீர்கள். அண்ணா, அக்கா, பெரியவர் என்பதுதான் வழக்கம்.

காய்கறியை வாரச் சந்தையில் வாங்குங்கள். ராயக்கோட்டைத் தக்காளி விலை விழுந்து, கூலிக்குக்கூடக் கட்டாமல் விவசாயி கொட்டிவிட்டுப் போகும் நாட்களில் கூடுதலாக நாலு கிலோ வாங்கித் தொக்கு போடுங்கள். பாலை உள்ளூர்ச் சங்கத்தில் எடுங்கள். கூலி விஷயத்தில் ஊர் விகிதத்தைக் கேட்டுக் கொடுங்கள், நகரத்துப் பணத்தைக் காட்டி இரண்டு மடங்கு கொடுத்தால் அறுவடைக்கு ஆள் கிடைக்காமல் அக்கம்பக்கத்து விவசாயிதான் தவிப்பார். குறைத்தும் கொடுக்காதீர்கள். கோயில் திருவிழாவுக்கு வரி கேட்டு வந்தால் கொடுத்துவிட்டு, தேர் அன்று போய் நில்லுங்கள். பொங்கலுக்குப் பிறகு கிராமங்களில் எருது விடும் விழா நடக்கும். ஓரமாக, உயரமான இடத்தில் நின்று பாருங்கள்.

மிக்க வேண்டிக் கேட்பது ஒன்று: ராத்திரியில் பெரிய ஸ்பீக்கர் வைத்துப் பாட்டு வேண்டாம். இங்கே சத்தம் வெகுதூரம் போகும். பரணில் காவல் இருப்பவர் யானை வரும் சத்தத்தைக் காதால்தான் பிடிக்கிறார்.

கடைசியாக, காகிதங்கள்

முகவரி நிலையான பிறகு ஆதாரை முதலில் மாற்றுங்கள், மற்றவை அதன் பின்னால் வரும். வாக்காளர் பட்டியலில் முகவரியை மாற்றப் படிவம் 8. குடும்ப அட்டை முகவரியை உணவுப் பொருள் வழங்கல் துறையின் இணையதளத்தில் மாற்றலாம். கர்நாடக அட்டை என்றால் அங்கே பெயர் நீக்கிய சான்று வாங்கி வந்து புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். சமையல் எரிவாயு இணைப்பைப் பழைய ஏஜென்சியில் மாற்றச் சீட்டு எழுதி வாங்கி வாருங்கள்.

சென்னை வண்டி என்றால் முகவரி மாற்றினால் போதும். கர்நாடகப் பதிவு வண்டியை இங்கே 12 மாதத்துக்கு மேல் அப்படியே ஓட்டக் கூடாது. பெங்களூர் அலுவலகத்தில் தடையின்மைச் சான்று வாங்கி, ஓசூர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வாழ்நாள் வரி கட்டி, டிஎன் 70 எண்ணுக்கு மாற்ற வேண்டும். புதிய பதிவுச் சான்று கைக்கு வந்ததும், பெங்களூரில் கட்டிய வாழ்நாள் வரியில் மீதிக் காலத்துக்கு உரியதைத் திரும்பக் கேட்டு விண்ணப்பிக்கலாம். அதற்குப் புதிய பதிவுச் சான்றின் நகல் வேண்டும், பழைய வரி ரசீதையும் பத்திரமாக வையுங்கள்.